பெயரும் ஓர் அமானத்தே

நமது சங்கத்தின் வாசகசாலையில் சில வாரங்களுக்கு முன் நிகழ்ந்த ஓர் உரையாடலை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதலானோம். மஃரிபுத் தொழுகை முடிந்து நால்வர் ஐவராக உட்கார்ந்திருந்த வேளை. கூச்சிங் சென்று திரும்பிய ஆசிரியத் தம்பி ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மரக்கிளையைப் பற்றியபடி ஒரு சின்னஞ்சிறு தேரை. நீண்டு மெலிந்த கால்கள். முதுகிலே பச்சையும் சிவப்பும் ஊதாவும் வாரித் தெளித்தாற்போன்ற புள்ளிகள். "இதனை 87 ஆண்டுகள் எவரும் கண்டதில்லை. 2011ஆம் ஆண்டில்தான் சராவாக் மலையில் மீண்டும் கண்டெடுத்தார்கள்" என்றார் தம்பி.

எல்லோரும் வியந்தோம். மொத்த வியாபாரத்தில் ஐம்பது ஆண்டு பழகிய நம் ஹாஜியார் மட்டும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பின்வருமாறு கேட்டார்:

"தம்பி, அல்லாஹ்வின் படைப்பு அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தேரைக்காகப் படித்த மனிதர்கள் மாதக்கணக்கில் இரவெல்லாம் மலையில் அலைவதா? அதற்கொரு பெயர், அந்தப் பெயருக்கொரு வழக்கு, அதைக் காக்க ஓர் இயக்கம்! வாடகை கொடுக்க வழியில்லாத குடும்பங்கள் நம் சங்கப் பதிவேட்டிலேயே இருக்கின்றன. அவர்களைப் பார்த்துவிட்டுத் தவளையைப் பார்த்தால் ஆகாதா?"

அக்கேள்விக்கு அன்று யாரும் விடை கூறவில்லை. நாமும் கூறவில்லை. கேலியாகக் கேட்கப்பட்ட கேள்வியாயின் சிரித்துவிட்டு எழுந்திருப்போம். அஃது உண்மையான மனவருத்தத்தில் பிறந்த கேள்வி. ஆதலின் அதனைப் பல நாள் எண்ணிப் பார்த்து, நமக்குத் தோன்றியதை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

காணாமற்போன தேரை

முதலில் அத்தேரையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். போர்னியோ வானவில் தேரை என்று இன்று அழைக்கப்படும் இவ்வுயிர் கடைசியாகக் காணப்பட்டது 1924ஆம் ஆண்டில். அக்காலத்தில் பிடிக்கப்பட்ட மூன்றே மூன்று உடல்கள்தாம் அறிவுலகத்தின் கையில் இருந்தன. அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவரும், போர்னியோத் தவளைகளை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவருமான இராபர்ட் இங்கர் என்பார், 1966இல் இதனைத் தனி இனமென்று நிறுவி, 'அன்சோனியா லாட்டிடிஸ்கா' என்று பெயரிட்டார். அப்பொழுதும் உயிருள்ள தேரையை யாரும் பார்த்தாரில்லை. உயிரோடு எடுத்த ஒரு நிழற்படங்கூட இல்லை. ஓவியமே இருந்தது.

2010ஆம் ஆண்டில், உலகெங்கும் காணாமற்போன நீர்நில உயிர்களைத் தேடும் இயக்கமொன்று தொடங்கிற்று. அதன் முதற் பத்துப் பெயர்களில் இத்தேரையின் பெயரும் இடம்பெற்றது. சராவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இந்திரநீல் தாஸ் அவர்களும் அவர்தம் மாணவர்களும் பென்ரிசன் மலைத்தொடரில் இரவு தோறும் விளக்கேந்தித் தேடினர். முதலில் தாழ்ந்த சரிவுகளில் தேடியதில் பயன் விளையவில்லை. பின்னர் மேலும் உயர்ந்த இடங்களுக்கு ஏறினர். ஒருநாள் இரவு, ஒரு மரத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில், அம்மாணவருள் ஒருவர் அதனைக் கண்டார். பெண் ஒன்று, ஆண் ஒன்று, குஞ்சு ஒன்று என மூன்றாக அவர்களுக்குக் கிட்டின. பெரியதன் நீளம் 51 மில்லிமீட்டர். நம் கட்டைவிரல் அளவேயாம்.

இவ்வளவும் நிகழ்ந்ததற்குக் காரணம் யாது? தேரைக்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்ததனால் அது காணாமற்போனது என்று ஒருவர் சொல்ல முடிந்தது. பெயரில்லாத பொருள் காணாமற்போவதில்லை. அது இருந்ததாகவே யாருக்கும் தெரிவதில்லை.

ஹாஜியாருக்கு இது விளங்காத செய்தியன்று. பேரேட்டில் ஏறாத சரக்கு களவு போனால் முதலாளிக்குத் தெரியவருமா? கணக்கு எழுதுவதனால் சரக்கு பெருகிவிடாது. ஆனால் எழுதாத சரக்குக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. நாட்டின் சட்டமும் அவ்வாறே. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கப்பட வேண்டிய உயிர்களை அட்டவணையிட்டே காக்கிறது. அட்டவணைக்குப் பெயர் வேண்டும். பெயருக்கோ, இவ்வுயிர் வேறு, அவ்வுயிர் வேறு என்று பிரித்தறிந்த அறிவு வேண்டும்.

மலைக்கு மலை வேறு

தவளை எங்கும் தவளைதானே, இதில் பிரித்தறிய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். சமவெளியில் அது ஓரளவு பொருந்தும். மலையில் பொருந்தாது.

தவளையின் தோல் மெல்லியது. அத்தோலினாலேயே அது நீர் பருகுகிறது. ஓரளவு மூச்சும் விடுகிறது. ஈரமும் குளிர்ச்சியும் குன்றினால் அதன் வாழ்வு குன்றும். நம் நாட்டு மலைகளில் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை குளிர்ந்துவிடுகிறது. அக்குளிரில் பழகிய தவளைக்குக் கீழேயுள்ள வெப்பமான பள்ளத்தாக்கு கடலைப் போன்றது. அதனைக் கடந்து அடுத்த மலைக்குப் போக அதனால் இயலாது. எனவே ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவாகிறது. பன்னூறாயிரம் ஆண்டுகள் பிரிந்தே வாழ்ந்தமையால், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் மலைக்கு மலை இனம் வேறாகிவிடுகிறது.

பினாங்கு மலையின் ஓடைத்தேரைக்கு ஸ்டோலிஸ்கா என்ற ஆராய்ச்சியாளர் 1870இல் பெயரிட்டார். அத்தீவிலன்றி வேறெங்கும் அது வாழவில்லை என்பதே இன்றைய கருத்து. பிரேசர் மலையின் ஓடைத்தேரை 2008இல் தனிப்பெயர் பெற்றது. ஜீத் சுகுமாரன் என்னும் மலேசிய ஆராய்ச்சியாளரின் பெயரை அதற்குச் சூட்டினர். கெந்திங் மலையின் ஓடைத்தேரை 2016இல்தான் தனிப்பெயர் பெற்றது. விடுமுறை நாள்களில் நம்மில் எத்தனை பேர் குடும்பத்தோடு கெந்திங் ஏறியிருப்போம்! நாம் ஏறி இறங்கிய பாதையோரத்து ஓடைகளில், பெயரில்லாமலே அது அத்தனை காலம் வாழ்ந்துகொண்டிருந்தது.

எப்படிப் பிரித்தறிகிறார்கள்? விரல் நுனியின் அகலம், செவிப்பறையின் அளவு, கால்விரல்களுக்கு இடையேயுள்ள சவ்வு, தோலின் பருக்கள் ஆகியவற்றை அளந்து பார்க்கின்றனர். தலைப்பிரட்டையின் வாயை நோக்குகின்றனர்; மலையோடைத் தேரைகளின் தலைப்பிரட்டைகள் வெள்ளம் அடித்துச் செல்லாதபடி வாயினாலே பாறையைப் பற்றிக்கொள்ளும் அமைப்புடையவை. இக்காலத்தில் மரபணுவையும் ஒப்பிடுகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாகக் குரலைக் கேட்கின்றனர். தவளை தன் வாயால் கெடும் என்பது நம் முன்னோர் மொழி. ஆராய்ச்சியாளர் இரவில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதும் அந்த வாய்க்காகவே. இனத்துக்கு இனம் குரல் வேறு. அருவியின் இரைச்சலில் குரல் எடுபடாத இடங்களில், போர்னியோவின் சில தவளைகள் பின்னங்காலைத் தூக்கி விரல்களை விரித்து ஆட்டித் தம் துணைக்குச் சைகை காட்டுகின்றன. இவ்வேறுபாடுகளைப் பொறுமையுடன் குறித்து வைப்பதையே இனம் பிரித்தல் என்கிறோம்.

பிரிக்காவிட்டால் வருங்கேடு யாது? ஐந்து மலைகளில் ஐந்து இனங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவ்வைந்துக்கும் தவறாக ஒரே பெயரை வைத்துவிட்டோம். ஒரு மலையின் காடு அழிகிறது. அதனாலென்ன, இத்தேரை இன்னும் நான்கு மலைகளில் இருக்கிறதே என்று எழுதிவிடுவோம். உண்மையில் ஓரினம் அடியோடு போய்விட்டது. அதன் இறப்பை மறைத்தது நாம் வைத்த பெயரே. பெயரில்லாமை ஒரு கேடு. தவறான பெயர் அதனினும் பெருங்கேடு.

தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவு

பெயரிடுவோர் பிழை செய்வதுண்டு. கூச்சிங் நகருக்கருகே செராப்பி மலையைச் சூழ்ந்த குபா தேசியப் பூங்காவில், குடம்போன்ற செடிகளில் தேங்கும் நீரில் முட்டையிடும் மிகச் சிறிய தவளை ஒன்றுண்டு. அதன் ஆண் 11 முதல் 13 மில்லிமீட்டர் வரையே வளரும். ஒரு கொண்டைக்கடலை அளவு எனலாம். பழைய அருங்காட்சியகங்களில் இதன் உடல்கள் நெடுங்காலம் இருந்தன. வேறு இனத்தின் குஞ்சுகள் என்றே எல்லோரும் நினைத்திருந்தனர். 2010இல் பேராசிரியர் தாஸ் அவர்களும் ஜெர்மனி நாட்டவரான ஹாஸ் அவர்களும் இவை குஞ்சுகளல்ல, முழு வளர்ச்சியுற்ற தவளைகளே என்று கண்டு புதிய பெயர் வைத்தனர். செய்தி உலகெங்கும் பரவிற்று.

மறு ஆண்டிலேயே ஜப்பானிய ஆராய்ச்சியாளர் மட்சுயி என்பார் பழைய சான்றுகளை ஒப்புநோக்கி, இத்தவளைக்கு 1928இலேயே பார்க்கர் என்பவர் பெயரிட்டுவிட்டார் என்று காட்டினார். இடைக்காலத்தில் அப்பழைய பெயரை வேறொரு தவளைக்குச் சூட்டி எல்லோரும் வழங்கி வந்திருக்கின்றனர்! புதிய பெயர் விலக்கப்பட்டது. பழைய பெயர் உரியதிடம் சேர்ந்தது. இத்தனை காலம் பிறர் பெயரில் வாழ்ந்த அந்த மற்றத் தவளைக்குப் புதிதாகப் பெயர் கிடைத்தது.

ஹாஜியார் "பெயருக்கொரு வழக்கு" என்றது இதைத்தான். நமக்கோ இவ்வழக்கு மிகவும் பிடித்தது. இங்கே யாரும் யாரையும் ஏசவில்லை. சான்று வந்தது, பெயர் மாறிற்று. பிறருக்குரிய பொருள் தவறி நம் கைக்கு வந்திருந்தால் திருப்பித் தருவது எப்படிக் கடமையோ, பிறருக்குரிய பெயரைத் திருப்பித் தருவதும் அப்படியே. குடும்பச் சொத்து வழக்குகளில் நம்மவர் இதில் பாதி நேர்மையைக் காட்டினாலும் நீதிமன்றங்களுக்கு வேலை குறையும்.

பெயருக்காகக் கொல்லலாமா?

இனி இக்கட்டுரையின் கடினமான பகுதிக்கு வருகிறோம். இதனை மறைத்துவிட்டுச் சென்றால் நாம் நேர்மையாளர் ஆகமாட்டோம்.

ஓர் இனத்துக்குப் பெயரிடும்பொழுது, அப்பெயருக்குச் சான்றாக ஓர் உடலை அருங்காட்சியகத்தில் வைப்பது விஞ்ஞான வழக்கம். அதாவது, பெயரிடுவதற்காக ஓர் உயிர் எடுக்கப்படுகிறது. நம் மார்க்கத்திலோ தவளையைப் பற்றியே தனிக்கட்டளை உண்டு. மருத்துவர் ஒருவர் மருந்தில் சேர்ப்பதற்காகத் தவளையைப் பற்றிக் கேட்டபொழுது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைக் கொல்வதைத் தடுத்தார்கள் என்னும் செய்தி ஹதீஸ் நூல்களில் வந்திருக்கிறது. மனிதனின் பிணி தீர்க்கும் மருந்துக்கே தடை என்றால், பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்காகக் கொல்வது எப்படித் தகும்?

ஃபத்வா கூறுவது நம் வேலையன்று. அது ஆலிம் பெருமக்களின் பொறுப்பு. நாம் அறநோக்கில் எண்ணிப் பார்த்ததை மட்டும் கூறுகிறோம். 1920களில் பிடிக்கப்பட்ட அந்த மூன்று உடல்கள் இல்லாதிருந்தால், 1966இல் பெயர் இல்லை. பெயர் இல்லாதிருந்தால் 2010இல் தேடல் இல்லை. தேடல் இல்லாதிருந்தால், பென்ரிசன் மலையில் இன்னது வாழ்கிறது என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. மூன்றின் இறப்பு, அவ்வினத்துக்காகச் சாட்சி சொல்லி நின்றது. இதனை மறுக்க முடியாது.

ஆயினும் இந்நியாயம் எல்லையற்றதன்று. நிர்ப்பந்தத்தினால் ஆகுமாக்கப்படுவது அந்நிர்ப்பந்தத்தின் அளவோடு நிற்க வேண்டும் என்பது ஃபிக்ஹு கற்றோர் நன்கறிந்த விதி. ஒன்று போதுமான இடத்தில் பத்து எடுப்பது அறிவாராய்ச்சியன்று, பேராசை. இக்காலத்தில் நிழற்படமும், குரற்பதிவும், தோலைப் பஞ்சினால் ஒற்றியெடுத்துப் பெறும் மரபணுவும் பல வேலைகளுக்குப் போதுமானவையாகிவிட்டன. அவற்றால் முடியும் இடத்தில் கொல்வதற்கு நியாயமே இல்லை. எடுத்த உயிருக்குக் கணக்கும் உண்டு. ஓர் உயிரை எடுத்துப் பெயரிட்டவர், அப்பெயரைக் கொண்டு எஞ்சியவற்றைக் காக்க முயலாவிட்டால், அவர் சாட்சியாக நின்றவரல்லர், வேடிக்கை பார்த்தவரே.

புட்டியில் எஞ்சியவை

இதனைச் சொல்லும்பொழுது இலங்கை மலைநாட்டின் வரலாறு நினைவுக்கு வருகிறது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் பிடிக்கப்பட்ட புதர்த்தவளைகள் பல, அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் புட்டிகளில் கிடந்தன. 1990களுக்குப் பின்னர் ஆராய்ச்சியாளர் மலைக்காடுகளில் மீண்டும் தேடியபொழுது புதிய இனங்கள் பலவற்றைக் கண்டனர். அதே வேளையில் புட்டிகளில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தபொழுது, பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்களைக் காட்டில் எங்குமே காணவில்லை. காப்பித் தோட்டத்துக்கும் பின்னர் தேயிலைத் தோட்டத்துக்கும் இடந்தர அவற்றின் காடுகள் முன்னமே போய்விட்டன. அவற்றுட் சிலவற்றுக்குப் பெயர் கிடைத்தது இறந்த பின்னரே; பிறந்த பதிவேட்டில் ஏறாமல் இறந்த பதிவேட்டில் மட்டும் ஏறிய பிள்ளைகளைப்போல.

அங்கேயே ஆறுதலான செய்தியும் ஒன்றுண்டு. இலங்கையிற் பிறந்த இராணுவ மருத்துவர் கேலார்ட் 1853இல் பெயரிட்ட புள்ளித்தவளை ஒன்று, அதன்பின் 150 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தது என்றே எழுதிவிட்டனர். 2009இல் அதனை உயிரோடு கண்டனர். கண்ட இடம் எது? நம்மவர் பாவா ஆதம் மலை என்றழைக்கும் மலையைச் சூழ்ந்த காடு! ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தான் என்று நம் மறை கூறுவதை இளமையிலேயே ஓதியிருக்கிறோம். அப்பெயரறிவை ஒரு பெருமையாக மட்டும் கருதி வந்தோமே அன்றி, அதில் ஒரு பொறுப்பும் அடங்கியிருப்பதை எண்ணினோமில்லை. பெயரைக் கற்றவன், பெயருடையதைப் பற்றிக் கேட்கப்படுவான். பெயர் ஓர் அமானத்.

பெயர் மட்டும் போதுமா? போதாது. நடு அமெரிக்காவின் கோஸ்தா ரிக்கா நாட்டில் மொந்தேவெர்தே என்னும் மேகம் சூழ்ந்த மலைக்காட்டில் பொன்னிறத் தேரை ஒன்று வாழ்ந்தது. நம் வானவில் தேரை பெயர் பெற்ற அதே 1960களில்தான் அதற்கும் பெயர் கிடைத்தது. இதுவோ அன்று ஏராளமாக இருந்தது. 1987இல்கூட 1,500க்கு மேல் கூடியதைக் கண்டனர். 1989இல் ஒன்றே ஒன்றைக் கண்டனர். அதன்பின் எதுவுமில்லை. 2004இல் அழிந்தது என்று அறிவித்தனர். அக்காடு வெட்டப்படவில்லை, அது காக்கப்பட்ட காடு. மாறிய வானிலையும், தவளைகளின் தோலைத் தாக்கும் பூஞ்சை நோயும் காரணமாயிருக்கலாம் என்கின்றனர். வேலி மட்டும் போதாது, காற்றும் நீரும் மனிதன் செயலால் மாறும்பொழுது வேலிக்குள் இருப்பதும் சாகும் என்பதே அதன் பாடம். குளிர் தேடி மேலே ஏறும் மலைத்தவளைக்கு, உச்சியை அடைந்தபின் ஏற இடமில்லை. 2023இல் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி, இவ்வகை உயிர்களில் நூற்றுக்கு நாற்பத்தொன்று அழிவை நோக்கி நிற்கின்றன.

பெயர் பகைவரையும் அழைத்து வரும். அழகிய தேரை கிடைத்தது என்று கேள்விப்பட்டதும், பிடித்து விற்கும் கூட்டம் புறப்பட்டுவிடும். ஆதலினாலேயே பேராசிரியர் தாஸ், தேரை கிடைத்த சரியான இடத்தை வெளியிட மறுத்துவிட்டார்.

மனிதனா, தவளையா?

இப்பொழுது ஹாஜியாரின் கேள்விக்கு நேராக வருவோம். பசித்த மனிதன் இருக்கத் தவளையைக் காப்பதா?

தவளை கொசுவைத் தின்கிறது, ஆகவே மனிதனுக்கு நன்மை என்று எளிதாக விடை கூறிவிடலாம். அவ்விடை பொய்யன்று, ஆயினும் அதில் நமக்கு முழு நிறைவில்லை. பயனைக் காட்டியே ஓர் உயிரைக் காப்பாற்றுவோமாயின், பயனில்லாததைக் கொல்ல உரிமை கொடுத்தவராவோம். படுக்கையில் கிடக்கும் பாட்டனாரை நாம் பயன் பார்த்தா பேணுகிறோம்?

நாம் கூறுவது வேறு. மலையைக் கணக்கில் எடுக்காதவர், அம்மலையில் உழைத்த மனிதனையும் கணக்கில் எடுத்தாரில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் தமிழ் மக்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். பல ஊர், பல சாதி, பல தொழில், பல பெயர். அவர்கள் அனைவரையும் 'கூலி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். ஐந்து இனத்துக்கு ஒரே பெயர் வைத்தால் ஓரினத்தின் இறப்பு மறைந்துவிடும் என்று மேலே கூறினோம். மனிதருக்கும் அதுவே நேர்ந்தது. 'கூலி' என்ற பெயருக்கடியில் எத்தனை தனித்தனி மனிதரின் சாவுகள் மறைந்தன! ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் அறிதல் என்பது ஒரே பழக்கம். தவளையிடத்தில் அப்பழக்கத்தைக் கைவிட்டவர் மனிதனிடத்தில் மட்டும் அதைப் பேணுவார் என்று நம்புவதற்கில்லை.

மேலும், மலையின் துன்பமும் மனிதனின் துன்பமும் இரு வேறு ஆறுகளில் ஓடுவதில்லை. மலைச்சரிவைத் தோண்டினால் மண் ஓடைக்கு வருகிறது. பாறையைப் பற்றி வாழும் தலைப்பிரட்டைக்குப் பற்றிடம் சேற்றில் மறைகிறது. அஃது அழிவதை யாரும் பார்ப்பதில்லை. அதே மண் கீழே ஆற்றை நிரப்புகிறது. 2013 அக்டோபரில் கேமரன் மலையின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில், அணையிலிருந்து திறந்த நீர், மண் படிந்து குறுகிய ஆற்றில் பெருக்கெடுத்து வீடுகளைச் சாடியது, உயிர்கள் பலியாயின. ஆற்றங்கரையில் வீடு கட்டியிருந்தவர் செல்வரல்லர். ஓடைத்தேரை அழியும்பொழுது கேட்டிருந்தால், அது நமக்கு முன்னறிவிப்பாக இருந்திருக்கும்.

இதனால் வாடகைக் குடும்பத்தின் பங்கை எடுத்துத் தவளைக்குக் கொடுக்கச் சொல்கிறோம் என்று யாரும் கருத வேண்டா. சக்காத்தின் பங்காளிகள் யாவர் என்பது மார்க்கம் வகுத்தது. நாம் தவளைக்காகக் கேட்பது பணமே அன்று. மலைக்குச் செல்லும்பொழுது ஓடையில் குப்பையும் சவர்க்கார நீரும் கொட்டாதிருங்கள். ஒரு காட்டின் சேற்றை மற்றொரு காட்டுக்குக் காலணியோடு கொண்டு செல்லாதிருங்கள். நோய் அவ்வழியே பரவும். காட்டுத்தவளையைப் பிடித்து வளர்க்கவோ, பிடித்து விற்பவரிடம் வாங்கவோ வேண்டா. பிள்ளைகளுக்குக் கிளியின் பெயரையும் புலியின் பெயரையும் கற்றுக்கொடுப்பதுபோல், தாம் வாழும் மாநிலத்து மலையில் வாழும் ஒரு தவளையின் பெயரையேனும் கற்றுக்கொடுங்கள். கல்லுக்குள் தேரைக்கும் உணவளிப்பவன் இறைவன் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அவன் உணவளிக்கும் உயிரின் கல்லை நாம் புரட்டாமல் இருந்தாலே போதும்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் ஹாஜியாரிடம் படித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தத் தேரை இருக்குமிடத்தைப் பேராசிரியர் சொல்லவே இல்லையா, தம்பி?" என்றார்.

"இல்லை, ஹாஜியார்."

"அது சரி. அமானத்தை வாங்கி வைத்தவன், பெட்டி இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லமாட்டான்." சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "எழுதிப் போடுங்கள். எழுதாத கணக்கு நிற்காது. ஆனால் அடுத்த கூட்டத்தில் அந்த வாடகைக் குடும்பங்களின் கணக்குத்தான் முதலில். அவர்களையும் 'ஏழைகள்' என்று மொத்தமாக எழுதக்கூடாது. பெயர் பெயராக எழுத வேண்டும்" என்றார்.

அவ்வாறே செய்வதென்று ஒப்புக்கொண்டோம். அக்கூட்டத்துக்கு அன்பர்கள் தவறாது வரவேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.